மனைவியின் சாட்சி

"உங்க வீட்டுக்காரரைச் சபை மூப்பராக்கலாம்னு இருக்கோம். வீட்ல ஆள் எப்படிம்மா?" என்றார் பாஸ்டர்.

"மூக்குக்கு மேல கோபம் ஐயா. திருட்டுத்தனமா குடி வேற. அவர் வேண்டாம்."

பாஸ்டர் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்.

மகள் கொதித்தாள். "எறும்பைக்கூட மிதிக்காத மனுஷனை ஏம்மா இப்படிக் கேவலப்படுத்தினே?"

"மூப்பரானா சபையில யாருக்குத் தலைவலின்னாலும் எழுந்து ஓடுவாருடி. முடியாதுன்னு சொல்ல அவருக்கு வராது. அவரோட ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இனி கொஞ்ச மாசம்தான்னு என்கிட்ட மட்டும் சொன்னார். அதையாவது நமக்குத் தரட்டும்."

கடைக்குப் போயிருந்தவர் உள்ளே நுழைந்தார்.

"பாஸ்டர் எதிர்ல வந்தாரு. தோத்திரம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாரு. பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ. போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார்.