கிழட்டுக் கரடியை நீக்குங்கள்

'கரடியைத் துரத்திவிட்டால் என்னோடு பேச யார் இருக்கிறார்கள்?' இதைப் போனில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

பனிச்சறுக்குப் பிரியர்களுக்காக இருபது வருடமாக நான் நடத்திவரும் இணையக் குழுவில், 'கிழட்டுக் கரடி' என்ற பெயரில் ஒருவர் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறார். மறுமுனையில் என் துணை நிர்வாகிக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, புதுசா வந்த பொண்ணு எந்தச் சறுக்குக் கட்டை வாங்கலாம்னு கேட்டா, 'முதல்ல மாடிப்படியில விழாம இறங்கக் கத்துக்கோ'ன்னு எழுதறார். அவ விலகிட்டா."

"நான் கண்டிக்கிறேன், தம்பி."

"கண்டிச்சு என்ன ஆச்சு? உங்களுக்கு மட்டும் பக்கம் பக்கமா பதில். முழங்கால் வலி, தூக்கம் வரல, பழைய பனிமலை ஞாபகம்... இது குழுவா, ஆஸ்பத்திரியா? அவரை நீக்குங்க. இல்லேன்னா நாங்க எல்லாரும் கிளம்பறோம்."

யார் எந்த இணைய இணைப்பிலிருந்து எழுதுகிறார்கள் என்பது எனக்கு மட்டுமே தெரியும். கரடி எழுதுவது என் வீட்டு இணைப்பிலிருந்து.

பக்கத்து அறையில் என் கணவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, நான் எது கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரு 'ம்' மட்டும்தான். கரடி யாரென்று எனக்குத் தெரியாது என நம்பிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, நீக்கிட்டீங்களா?"

"இல்ல தம்பி," என்றேன். "நீங்க கிளம்புங்க. அவர் இருக்கட்டும்."