ஒட்டுப் போட்ட பந்தல்

மடக்குக் கத்தி மாவு டப்பாவுக்குள் கிடந்தது. டெல்பர்ட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காலையில் ஒருதரம் தேடி எடுத்து, வேலை முடிந்ததும் மேஜைமேல் வைத்த கத்தி. அதைக் கொண்டுபோய் மாவுக்குள் புதைத்திருக்கிறாள் என்றால், மனைவி நோரீனின் புத்தி எங்கே போய் நிற்கிறது என்று டாக்டர் வேறு வந்து சொல்ல வேண்டுமா?

போன வாரம் இதே கத்தி அவளுடைய கம்பளிக் காலுறைக்குள் இருந்தது. அதற்கு முன் தலையணை உறைக்குள். வண்டிச் சாவி காணாமல் போய் ஒரு மாதமாகிறது, இன்றுவரை கிடைத்தபாடில்லை. பாவம், எதை எங்கே வைக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மாவை ஊதிவிட்டு, கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அரிசோனா வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வந்த கிழங்கள் குடியிருக்கும் வீட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லா வண்டிக்கும் பக்கவாட்டில் பந்தல் துணி ஒழுங்காக விரிந்திருந்தது. அவர் வண்டியின் பந்தலில் மட்டும், வாசலுக்கு நேர்மேலே தலையணை அகலத்துக்கு ஓட்டை.

படுக்கப் போகும்முன் பந்தலைச் சுருட்டுவது இந்த வாழ்க்கையில் கதவைச் சாத்துகிற மாதிரி. மறந்தால் ராத்திரிக் காற்று கிழித்துவிடும். கடைசியாக உள்ளே வருகிறவள் நோரீன்தான். வேறு யார் மறந்திருப்பார்கள்?

பகலில் மகன் கர்ட்டிஸ் பீனிக்ஸிலிருந்து வருகிறான். "இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கிறது சரிப்படாதுப்பா" என்று போனில் இழுத்தபோதே டெல்பர்ட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மாவை ஏதோ ஒரு விடுதியில் தள்ளிவிட்டு வண்டியை விற்கப் பார்க்கிறான். இந்த ஓட்டையைப் பார்த்தால் போதும், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவான். அவள் இல்லாமல் இந்த வண்டியில் அவருக்கு என்ன இருக்கிறது?

ஒட்டுத்துணியை மட்டும் காலையிலேயே வெட்டி வைத்துவிட்டார். பந்தலைச் சுருட்டுகிற உருளையின் அடியில் எப்போதும் சுற்றியே கிடக்கிற மிச்சத் துணியிலிருந்து வெட்டுவதுதான் இங்கே எல்லோருக்கும் வழக்கம். வெயிலே படாத துணி என்பதால் ஒட்டு பளிச்சென்று தெரியும், அதுதான் சங்கடம். ஆனால் இன்றைக்கு அதிர்ஷ்டம். பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் பழைய துணி மாதிரியே வெளுத்து, நிறம் அப்படியே ஒத்துப்போனது.

ஏணியில் ஏறி, வளைந்த ஊசியில் மெழுகு நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். நோரீன் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

நாயோடு போன பக்கத்து வண்டி மெர்ல், வழக்கம்போல வம்புக்கு நின்றான். "டெல்பர்ட், துணியைவிட ஒட்டு ஜாஸ்தியாயிடுச்சே. பேசாம அதைப் போர்வையா போர்த்திக்கோயேன்."

"உன் வாயைத் தைக்கவும் நூல் மிச்சமிருக்கு. வரியா?" என்றார் டெல்பர்ட். மெர்ல் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். நோரீன் சிரிக்கவில்லை.

முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கியவர் அவள் தோளைத் தொட்டார். "கர்ட்டிஸ் கேட்டா, சுருட்ட மறந்தது நான்தான்னு சொல்லிடறேன். நீ வாயே திறக்காதே. என்ன?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னது மண்டையில் ஏறியதோ இல்லையோ என்று டெல்பர்ட்டுக்கு மனசு பிசைந்தது.

கர்ட்டிஸ் வந்தான். காரை விட்டு இறங்கக்கூட விடாமல் டெல்பர்ட் முந்திக்கொண்டார். பந்தலைச் சுருட்ட மறந்தது தான்தான், வயசாச்சு இல்லையா, அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். கர்ட்டிஸ் தலையை அண்ணாந்தபடி பந்தலுக்கடியில் நடந்தான். வண்டியின் பின்கோடிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அங்கே இன்னொரு ஓட்டை. தலையணை அகலம், நாலு ஓரமும் நேர்க்கோடு. அதன் வழியே வானம் தெரிந்தது.

இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் இவன் கண்ணில்தானா பட வேண்டும்?

"பார்த்தியா, இங்கேயும் கிழிச்சிருக்கு. இந்தப் பாழாப்போன காத்து எங்களை வாழ விடாது" என்றார். "இரு, ஒரு ஒட்டு வெட்டினா சரியாயிடும்."

பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தார். பிடியில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. கர்ட்டிஸ் கத்தியைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

நோரீன் தணிந்த குரலில் சொன்னாள். "எங்க ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சு எடுத்துடறார்டா உங்கப்பா."