ஓடாத எழுத்து

அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

டிவியில் ஒரு கிழவன் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வருகிறான். பெஞ்சில் அவன் மனைவி. கையில் அவனுடைய தொப்பி. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பனி கொட்டுகிறது. அவள் எழுந்து என்னவோ கேட்கிறாள்.

அதுவரை வாசித்தார்.

“டாக்டர் என்ன சொன்னார்னு கேக்கா.”

கிழவன் பதில் சொல்கிறான். பதில் கீழே தமிழில் வந்துவிட்டது.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் என்றால் இந்த வீட்டில் ஒரு வெளிநாட்டுப் படம். மகள் மாரிச்செல்வி வாங்கி மாட்டிவிட்டுப் போன டிவி. கீழே தமிழ் எழுத்து ஓடும். அவர் சத்தமாக வாசிப்பார், மனைவி கேட்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அவருக்கும் முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. பகலெல்லாம் ரயிலடியில் மூட்டை இறக்கிவிட்டு, நகக்கண்ணில் சிமெண்டோடு வகுப்பில் உட்கார்ந்து வந்த எழுத்து. மெதுவாகத்தான் வாசிப்பார். நீள வரி வந்தால் பாதியில் மறைந்துவிடும்.

“எழுத்து ஓடிட்டு” என்பார்.

“ஓடுனா ஓடட்டும். மூஞ்சியப் பாத்தா தெரியாதா” என்பாள்.

முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. மழை பெய்தால் ஆள் சும்மா நனைகிறான். படம் திடீரென்று முடிந்துவிடும்.

“கடைசியில உள்ளதக் காணாமப் போட்டுட்டானுவளா?”

“அதாம்ளா முடிவு. மிச்சத்த நம்மதான் நெனச்சுக்கிடணும்.”

“நம்ம நெனைக்கதுக்கு அவன் எதுக்குப் படம் எடுத்தான்?”

இப்போது சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் முதலில் வந்து உட்காருகிறாள்.

அவருக்கு அந்தப் படங்களில் பிடித்தது ஒன்று உண்டு. நம் படத்தில் சாகப்போகிறவன் இருமினால் துண்டில் ரத்தம் இருக்கும், வயலின் அழும். அங்கே ஒருத்தன் இருமுவான். பிறகு பிஸ்கட்டைக் காப்பியில் முக்கித் தின்பான். நோய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும். அதுதான் நிஜம் என்று டீக்கடையில் வாதாடியிருக்கிறார்.

நிஜம் இவ்வளவு பக்கத்தில் வந்து உட்காரும் என்று அப்போது தெரியாது.

அவள் கண்டுபிடித்தது வேறு.

“எந்த தேசத்து ஆம்பளயா இருந்தா என்ன, பொய் சொல்லிட்டா ஒடனே தண்ணி குடிக்கான். நல்லாப் பாருங்க” என்றாள் ஒருநாள்.

பார்த்தார். உண்மைதான். பாலைவனப் படத்தில் குடித்தான். கப்பல் படத்திலும் குடித்தான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவளும் பெஞ்சில்தான் இருந்தாள். கையில் அவருடைய துண்டு.

உள்ளே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது பக்கம் ஓரிடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். கட்டி என்றார். மதுரைக்குப் போங்க, தள்ளிப் போடாதீங்க, வீட்டில் சொல்லிவிடுங்க என்றார்.

வெளியே வந்தார். அவள் எழுந்து கேட்டாள்.

அவர் ஒரு வரி சொன்னார்.

ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அங்கே அவர் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

இந்த ஞாயிறு கழியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தார். படத்தையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். முகப்புப் படத்தில் கிழவனும் கிழவியும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். எங்கோ ஊர் சுற்றப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“எழுத்து ஓடிட்டு” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“ஓடல.”

திரும்பினார்.

பனி பாதி வழியில் நிற்கிறது. கிழவனின் வாய் திறந்தபடி இருக்கிறது. கீழே வரி அப்படியே.

ரிமோட் அவள் மடியில் இருந்தது. அதில் அவளுக்குத் தெரிந்தது ஒரே பொத்தான். பால் பொங்கி வந்தால் படத்தை நிறுத்திவிட்டு ஓடுவதற்காக மகள் சொல்லிக்கொடுத்தது.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

“மெதுவா வாசிங்க” என்றாள். “நா எங்கயும் போவல.”

சின்ன வரிதான்.

மாற்றிச் சொல்லலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. கிழவனுக்காக வேறு ஒரு பதிலைத் தேடினார். எதைச் சொன்னாலும் இதைவிட மோசமாக இருந்தது.

வகுப்பில் செய்த மாதிரி விரலை நீட்டி, காற்றில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தார்.

“ஒன்றும்... இல்லை. வெறும்... சளிதான்.”

வெள்ளிக்கிழமை பெஞ்சுப் பக்கத்தில் நின்று அவர் சொன்னதும் இதைத்தான்.

தண்ணீர்ச் செம்பு எட்டும் தூரத்தில் இருந்தது. கை பாதி வரை போய், திரும்பி மடியில் விழுந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு டிவியில், தொப்பியோடு நிற்கும் பெண்ணின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அவ நம்பிட்டாளா?”

“படத்தப் போட்டாத்தான தெரியும்.”

அவள் போடவில்லை.

செம்பை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.