வேதக்காரர் வீட்டுக்கு விபூதி

"சர்ச்சுக்குப் போற வேதக்கார வாத்தியார் வீட்டுக்கு விபூதி எதுக்குங்கிறேன்?"

கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமி விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"பதக்கத்தைத் துலக்கத்தான். மெட்ராசுல பழைய கப்பல் படைக்காரக எல்லாம் ஒண்ணு கூடுறாக. பளிச்சுன்னு போக வேண்டாமா?" என்றார் அருள்பிரகாசம் வாத்தியார்.

"அந்தக் கப்பல் கதையை இன்னும் விடலையா நீங்க? காரைக்குடிக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்? சட்டி பானை கழுவுற வேலையா இருந்திருக்கும். வெளிய சொல்லிக்க முடியுமா?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உலகச் சண்டைக் காலத்தில் பம்பாயில் கப்பல் படை வேலை என்றால் ஊரில் ஒருவரும் நம்பியதில்லை. அதனால்தான் பேப்பரில் கப்பல் படைக்காரர் சங்கத்து அறிவிப்பைப் பார்த்ததும் மனுஷன் துள்ளிக் குதித்தார். பஸ் என்றாலே வயிற்றைப் புரட்டும் அவருக்கு. அப்படியும் சிங்கம்புணரி, காளையார்கோவில் என்று பஸ் ஏறி, இறங்குகிற இடத்திலெல்லாம் வாந்தி எடுத்து, பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துச் சங்கத்துக்கு விலாசம் சேர்த்துக் கொடுத்தார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். அத்தனை பேர் நடுவில் மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதைக் காது குளிரக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் அவர் மனைவி செபஸ்தியம்மாள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியை அடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"போகத்தான் வேணுமா? இருபத்தஞ்சு வருசமாச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது? அங்குட்டுப் போயி, நீங்க யாருன்னு கேட்டுட்டாகன்னா மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

"அப்படியெல்லாம் கேக்க மாட்டாக. நீ பேசாம கெளம்பு."

"வண்டி அசைஞ்சாலே எலுமிச்சம்பழம் தேடுற ஆளு நீங்க. கப்பல்காரக கூட்டத்துல வாந்தி எடுத்து மானத்தை வாங்கிப்புடாதீக."

"மண்டபம் ஆடாதுல்ல? பயப்படாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் துணி ஏற ஆரம்பித்தது.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர், எலுமிச்சம்பழமும் கையுமாக இருந்த வாத்தியாரிடம் பேச்சுக் கொடுத்தார். கப்பல் படைக் கூட்டத்துக்குப் பயணம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கப்பல் சார்?"

"கப்பல் இல்லீங்க, கரையிலதான். பம்பாய்ல சேதி அனுப்புற அறை. எல்லாம் ரகசியச் சேதி. ஒரு எழுத்து மாறிப்போனா ஒரு கப்பலே முழுகிப்போகும், பாத்துக்கங்க" என்றார் வாத்தியார், நெஞ்சை நிமிர்த்தி.

அந்த மனிதர் எழுந்தே விட்டார். "நீங்க இங்குட்டு வாங்க சார். சன்னல் பக்கமா உக்காருங்க."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செபஸ்தியம்மாள் முழங்கையால் ஓர் இடி இடித்து, "காத்து வருமுல்ல, உக்காருங்க. இம்புட்டு மரியாதை உங்களுக்கு இனி எப்பக் கெடைக்கப்போகுது?" என்று அவர் காதைக் கடித்தாள்.

மறுநாள் காலை மண்டபத்து வாசலில், முறுக்கு மீசைக்காரர் ஒருவர் வாத்தியார் சட்டையில் நீல ரிப்பன் பூவைக் குத்தி, காலைத் தட்டி ஒரு சல்யூட் அடித்தார். வாத்தியார் பதறிப்போய்க் கும்பிட்டார். செபஸ்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ஒரே கொண்டாட்டம். தொப்பையும் வழுக்கையுமாக இருந்தவர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். கூட்டத்தை நடத்திய பெரியவர் நீளமாக ஒரு விசில் ஊதினார். மண்டபம் கப்சிப். கப்பலில் காலையில் செய்வது போலவே பேர் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டவர் எழுந்து விறைப்பாக நிற்க, மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். சிங்கம்புணரி மருது எழுந்தார். காளையார்கோவில் குருநாதன் எழுந்தார். தான் தேடிக் கண்டுபிடித்த ஆட்கள் என்பதால் வாத்தியார் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

பேர்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் பெரியவர் பட்டியலை மடித்து வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

வாத்தியார் காத்திருந்த பேர் மட்டும் வரவே இல்லை.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?" செபஸ்தியம்மாள் கேலியாகத்தான் சொல்லப் பார்த்தாள். குரல் உடைந்துவிட்டது. "வாங்க, பந்தியிலயாவது எடம் பிடிப்போம்."

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து இப்படி ஆகிவிட்டதே! கோட்டைச்சாமி முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போது பெரியவர் மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்தார்.

"ஒரே ஒரு பேரைக் கடைசிக்குன்னு வச்சிருக்கேன். கடல்ல கெடந்த எங்களுக்கெல்லாம் பம்பாய்லேருந்து வந்த சேதிதான் உயிர். அதை ஒரு எழுத்துப் பிசகாம அனுப்பின கை இன்னிக்கு இங்க வந்திருக்கு. எல்லாரும் எழுந்திரிங்க!"

நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பதக்கத்தை எடுத்தார்.

"பெண்கள் படைப் பிரிவு, செபஸ்தியம்மாள்!"

சேலை முந்தானையை இழுத்துச் செருகி, அவள் விறைப்பாக எழுந்து நின்று சல்யூட் அடித்தாள்; விபூதி போட்டுத் துலக்கிய பதக்கத்தை மனைவியின் தோளில் குத்திவிட்ட வாத்தியாருக்கு, ஊசி தன் விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.