தலைவர் கையால் ஒரு தையல் மெஷின்

சேவை சங்கத்து விழா மேடையில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. புதுத் தையல் மெஷினில் சுற்றிய சிவப்பு ரிப்பன் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. அதற்கு இந்தப் பக்கம், புருஷனைப் பறிகொடுத்தவள், ரவிக்கையின் ஒட்டுத்தையல் தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள். அந்தப் பக்கம் நெஞ்சில் பதக்கம் மின்ன நிற்கும் சங்கத் தலைவர், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வீட்டைப் பாகம் பிரித்த அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், அப்புறம் வாசல் மிதிக்கவேயில்லை. இவள் பெயரைச் சங்கத்தில் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி; மெஷினைக் கொடுக்கப்போவது யார் என்று மேடையேறும்வரை இவளுக்குத் தெரியாது. "அண்ணே, அம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்கிறாள் அடிக்குரலில். உதட்டுச் சிரிப்பு கலையாமல் அவர், "கேமராவைப் பாரும்மா," என்கிறார். கீழே டீக் கோப்பைகளை வைத்துவிட்டு உறுப்பினர்கள் கைதட்டுகிறார்கள். போட்டோகாரருக்கு மட்டும் திருப்தியில்லை. "என்ன சார், இவ்வளவு வெறைப்பா நிக்கிறீங்க? சொந்தத் தங்கச்சிக்குக் கொடுக்கிறதா நெனச்சுக்கிட்டு நல்லாச் சிரிங்க சார்!" சபை கொல்லென்று சிரிக்கிறது. தலைவர் அவள் தலைமேல் கை வைக்கிறார். அந்தக் கையைத் தட்டிவிடலாம் போலிருக்கிறது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் சிரிக்கிறாள், மெஷின் வேண்டுமே.