கொம்பன்

மேனேஜர் ஏணியிலிருந்து இறங்கி, கையிலிருந்த எண்ணெய்த் துணிச் சுருளை மேசைமேல் வீசினார். பதினேழாம் நம்பர் மெஷினில் தைப்பவள் சட்டென்று தன் வலக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“மூணு முழம் துணி! கப்பல்ல வந்த கொம்பு, அதோட தொண்டையில திணிச்சிருக்கீங்க. யார் பண்ணது?”

கொம்பு என்று அவர் சொன்னது, சுவரில் இருபதடி உயரத்தில் ஊமத்தம்பூ போல வாய் விரித்துத் தொங்கிய ஒலிபெருக்கியை. இரண்டு மாதம் முன்புவரை அந்தத் தையல் ஆலையில் சூப்பர்வைசர் ஒருவர் தகரப் புனலை வாயில் வைத்துக் கத்திக்கொண்டே நடப்பார். அவர் வருவது தூரத்திலேயே தெரியும். தெரிந்தால் குனிந்துகொள்ளலாம்.

பிறகுதான் கொம்பு வந்தது. முதல் நாள் முதலாளி அதில் “ஹலோ” என்று சொன்னபோது கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின; சூப்பர்வைசரின் வேலையும் அவற்றோடு போயிற்று.

மாடியில் கண்ணாடி அறைக்குள் ஒருவன் மைக்கில் முணுமுணுத்தால் போதும், முந்நூறு மெஷின் சத்தத்தையும் மிதித்துக்கொண்டு குரல் இறங்கும். “எட்டு, அங்க என்ன பேச்சு?” “நாப்பது, தண்ணி குடிச்சது போதும்.” கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசுவதால் அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அவனுக்குக் கொம்பன் என்று பேர் வைத்தார்கள். “இவன் என்ன பெரிய கொம்பனா?” என்று வாய்க்குள் திட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

நேற்று மத்தியானம் அந்தக் குரல் “பதினேழு!” என்று தலைமேல் இடியாக விழுந்ததில் அவள் திடுக்கிட்டாள். ஊசி நகத்தைத் துளைத்து ஆள்காட்டி விரலுக்குள் இறங்கிவிட்டது.

காயம்பட்டவளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விடுவித்து, கந்தல் சுற்றிக்கொண்டு தைத்தாள். வெள்ளைச் சட்டைகளில் ரத்தம் படாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது. நல்லவேளை, அதற்குப் பிறகு சாயங்காலம்வரை கொம்பன் வாயே திறக்கவில்லை.

இன்று காலையில் திறந்தபோது, தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல ‘உம் உம்’ என்றுதான் கேட்டது. முந்நூறு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் மேனேஜரால் பொறுக்க முடியவில்லை.

“ஒருத்தியும் சொல்ல மாட்டீங்க? சரி. ஏணி யார் மேசை பக்கத்துல சாத்தியிருந்துச்சு?” அவர் விரல் நீண்டது. “பதினாறு! நீ கிளம்பு. நாளைலேருந்து வர வேண்டாம்.”

பதினாறு, பதினேழின் நாத்தனார். கட்டிலை எந்த அறையில் போடுவது என்பதில் ஆரம்பித்த சண்டை; ஒரே வீட்டில் இருந்தும் மூன்று மாதமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாத்தனார் எழுந்து நின்று “நான் இல்லீங்க சார்…” என்று தொடங்கினாள்.

பதினேழு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அவளை விடுங்க. நான்தான் அடைச்சேன்.”

“நீயா? அவ்வளவு உயரம் எப்படிப் போன?”

“ஏணி வெச்சுத்தான். பறந்தா போவாங்க?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் காது சிவந்தது. “திமிரா? எதுக்குடி அடைச்ச?”

அந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பொய் தேவைப்படவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, ரத்தம் காய்ந்த கட்டோடு விரலை எல்லோரும் பார்க்க உயர்த்தினாள். “எனக்கும் அப்பா அம்மா வெச்ச பேர் இருக்கு சார். ரெண்டு மாசமா அது என்னை நம்பர் சொல்லிக் கத்துது. ஒரு நாளாச்சும் நாங்க நிம்மதியா தைக்கக் கூடாதா?”

நாத்தனார் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? நேத்து எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டீங்களே!” மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“சும்மா இருடி,” என்றாள் பதினேழு, உதடு அசையாமல்.

மேனேஜர் மாடியைப் பார்த்துக் கத்தினார். “யாருப்பா மேலே! மைக்கைப் போடு! பதினேழாம் நம்பரை வேலையை விட்டுத் தூக்கியாச்சுன்னு சொல்லு. தெருவரைக்கும் கேக்கணும். இனிமே ஒருத்திக்கும் இந்தத் தைரியம் வரக் கூடாது!”

மைக்கோடு இணைந்த பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறிக் குரல் வர ஒரு நிமிஷமாவது ஆகும். அந்த ஒரு நிமிஷம் ஆலையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. பதினேழு தலை குனியவில்லை. போவதுதான் போகிறோம், அவன் கண்ணைப் பார்த்துவிட்டே போவோம் என்று அந்தக் கண்ணாடியை நேருக்கு நேர் முறைத்தபடி நின்றாள்.

அடைப்பெடுத்த கொம்பு கரகரவென்று செருமியது.

“பதினேழு…” என்றது. அப்புறம் ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. முந்நூறு பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“நீ உக்காரும்மா. துணியை அடைச்சது நான்தான்.”