கனமான லென்ஸ்

கேமராக் கடையில் அவள் இரண்டு லென்ஸ்களையும் மாறி மாறிக் கேமராவில் பொருத்திப் பார்த்தாள்.

ஒன்று எடை குறைவு. வெகு தூரம் எட்டியது. எதிர்ச்சாரியில் பூட்டுக்கடைக்காரர் பல் குத்துவதுகூடத் தெரிந்தது. ஆனால் எட்ட எட்டப் படம் இருண்டது.

மற்றது அவ்வளவு எட்டாது. எவ்வளவு இழுத்தாலும் வெளிச்சம் குறையாது. கைக்குழந்தையின் கனம்.

"கனமானதையே எடு, தேவகி," என்றார் கணவர்.

"கச்சேரி முடியறவரைக்கும் இதை யாரு தூக்கறது?"

"நான் தம்புராவைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையலையா? உன் லென்ஸாவது பஸ்ஸுல நாலு பேரை இடிக்காது."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவளும்தான்.

கனமானதை வாங்கினார்கள். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தார்கள். கணவர் இஞ்சி வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

மார்கழிவரை அவள் அந்த லென்ஸ் பெட்டியைத் திறக்கவில்லை.

சபாவிலிருந்து கூப்பிட்டார்கள். ஓரத்து நாற்காலியை அவளுக்கென்று விட்டு வைத்திருந்தார்கள். பிளாஷ் கூடாது. கைதட்டும்போது மட்டும் படம் எடுக்கலாம். பழைய கட்டுப்பாடுதான். அது மாறாமல் இருந்ததே ஆறுதலாக இருந்தது.

பாடகியை எடுத்தாள். வயலினை எடுத்தாள். மிருதங்கத்தை எடுத்தாள்.

பிறகு லென்ஸைப் பாடகியின் பின்னால் திருப்பினாள்.

இத்தனை வருடமும் அவர் தம்புராவுடன் உட்கார்ந்திருந்த இடம். இப்போது ஜெயசுதா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

தேவகி எடுத்த மேடைப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் ஒரு கறுப்பு உருவம். வீட்டுக்கு வந்து பழைய லென்ஸைத்தான் திட்டுவாள். அவர் எதுவும் சொன்னதில்லை.

இன்று அந்த மூலையில் ஒரு முகம் வந்தது.

மூடிய இமைகள். தந்தியைத் தொட்டு மீளும் விரல். மூக்கின்மேல் பூத்த வியர்வை.

அவள் கேமராவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தனக்காக ஒன்றும் கேட்காத மனிதர். கடையில் இந்தக் கனமானதைக் கேட்டிருக்கிறார்.

கேட்டாரே. அது போதும் என்றிருந்தது.

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. அவள் கேமராவைத் தூக்கி அழுத்தினாள்.

கச்சேரி கலைந்தபின் ஜெயசுதா கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னையா எடுத்தீங்க, அக்கா? பாடறவங்க இதுல இல்லவே இல்லையே."

"உன்னைத்தாம்மா."

"எங்க வீட்டுல நம்பமாட்டாங்க. நான் சும்மா போய் உட்கார்ந்துட்டு வர்றேன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க."

தேவகி படத்தை அவளுக்கு அனுப்பினாள். திரும்பி ஒருமுறை மேடையைப் பார்த்தாள்.

தம்புராவுக்கு உரிய மூலைக்கு இன்னும் விளக்குப் போடவில்லை.